வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி பேதி: ஐந்து மாதக் குழந்தைக்குத் தொற்றாமல் காப்பது எப்படி?

கன்னடியன்கால் வீடு:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லாரும் சேர்ந்து ஒன்பது பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். கழிப்பறை ஒன்றுதான். மூத்தவனுக்கு 4 வயது, பால்வாடிக்குப் போகிறான். இளையவளுக்கு 5 மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது; தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணியளவில் மூத்தவன் பாயிலேயே வாந்தி எடுத்தான். விடிவதற்குள் ஆறு முறை எடுத்துவிட்டான். காலையில் தண்ணீர் தண்ணீராகக் கழிச்சல் தொடங்கி ஞாயிறு மாலைவரை நீடித்தது. அவன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட நேரத்தில் மாமியார் படுத்தார்கள். திங்கள்கிழமை நான் விழுந்தேன். செவ்வாய்க்கிழமை கொழுந்தனாரின் மகள், ஏழு வயதுப் பிள்ளை. இன்று வியாழன், நானும் மாமியாரும் தேறிவிட்டோம், அந்தப் பிள்ளைக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை. கைக்குழந்தைக்கு இதுவரை ஒன்றும் இல்லை. இரவில் அவள் சற்று அசைந்தாலே எழுந்து வாயைத் துடைத்துப் பார்க்கிறேன்.

மூத்தவன் வெளியே வாங்கித் தின்ற பண்டம் செரிக்காமல் உள்ளே சிக்கித் தொக்கம் விழுந்திருக்கிறது என்றும், மற்றவர்களுக்கு வந்தது உடம்புச் சூடு என்றும் மாமியார் சொல்கிறார்கள். அந்தப் பண்டத்தை எங்களில் ஒருவரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்பதால் எனக்கு அது பொருந்தவில்லை. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைத்தான் ஒவ்வொரு முறையும் கையில் தேய்த்துக்கொண்டு குழந்தையைத் தூக்குகிறேன். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுகிறோம். இவை போதுமா? நோய்ப்பட்டவர் தேறிய பிறகு எத்தனை நாள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? நான் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா? குழந்தைக்கு 6, 10 வாரங்களில் கழிச்சலைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டது. 14ஆம் வாரத்தில் சளிக் காய்ச்சலாக இருந்ததாலும், அப்போது நான் அம்மா வீட்டில் இருந்ததாலும் மூன்றாவது தவணை விட்டுப்போயிற்று.

இன்னும் 12 நாளில், செவ்வாய்க்கிழமை, ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மும்பையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இருபது பேருக்குக் குறையாமல் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எல்லாருக்கும் முதல் வேலை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதுதான். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முக்கூடல் மதினி:

தங்கச்சி, இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டோம். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தோம், காய்ச்சிய தண்ணீரை வெள்ளைத்துணியால் வேடு கட்டி வைத்தோம். அடுக்களைக் கதவில் தொங்கிய ஒற்றைத் துண்டை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு வந்த கையும், சோறு பிசையப்போகும் கையும், தட்டைத் துடைத்த கையும் அந்தத் துண்டில்தான் ஈரம் துடைத்தன. கடைசியில் அதைக் கொல்லையில் போட்டு எரித்தவள் நான்தான்.

நாங்கள் செய்த இரண்டாவது தவறு கரைசலில். ஒரு லிட்டர் தண்ணீருக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை வாங்கி வந்தோம். எங்கள் ஆச்சி, மருந்து வீணாகக் கூடாது என்று, பொட்டலத்தைக் கிள்ளி, விரல் அளவுக்கு எடுத்து எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வாயில் வைத்ததும் துப்பினான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்து மூக்கைப் பிடித்துப் புகட்டினோம். துணை சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து அந்த டம்ளரை வாங்கித் தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முற்றத்தில் கொட்டினார்கள். கடல் தண்ணீர் மாதிரி இருந்திருக்கிறது. கண்ணீரைவிட உப்பாக இருந்தால் அந்தக் கரைசலைக் கொடுக்கக் கூடாது என்று அன்று சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பின் ஒரு லிட்டர் பாட்டிலை அளந்து நிரப்பி, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையாகக் கொட்டிக் கரைத்துவிடுகிறோம். 24 மணி நேரம் கழித்து மிச்சம் இருந்தால் செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.

இன்னொன்று. பிள்ளை தேறி ஓடியாடி விளையாடத் தொடங்கிய ஐந்தாம் நாள் அவனுக்குக் கால் கழுவிவிட்ட என் வீட்டுக்காரர், அதற்கு இரண்டு நாள் கழித்துப் படுத்தார். நோய்தான் போய்விட்டதே என்று சோப்புப் போடவில்லை.

பொருநைச் செவிலி:

அம்பை வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வீட்டில் நடப்பது எந்தக் கிருமி என்று மலப் பரிசோதனை இல்லாமல் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சிறியவர் பெரியவர் வேறுபாடின்றி, ஒன்றரை நாள் இரண்டு நாள் இடைவெளியில், வாந்தியை முன்விட்டு ஒருவர்பின் ஒருவராக விழும்போது, நாங்கள் முதலில் நினைப்பது நோரோ வைரஸைத்தான். 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இப்படிக் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அங்கே எடுத்த மாதிரியிலிருந்துதான் 1972இல் அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார்கள். ஊர்ப் பெயரின் முற்பாதிதான் நோரோ. உடம்புக்குள் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆளைத் தள்ளிவிடும் என்பதால், உங்கள் வீட்டு வெள்ளி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்க் கணக்கு இதற்குச் சரியாக ஒத்துப்போகிறது. சூட்டுக்கும் செரிமானத்துக்கும் இப்படி ஆள்விட்டு ஆள் தாவத் தெரியாது.

ரோட்டா என்பது வேறு வைரஸ். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தது. நுண்ணோக்கியில் சக்கரம்போலத் தெரிவதால் இலத்தீன் மொழியில் சக்கரத்துக்குரிய சொல்லைப் பெயராக வைத்தார்கள். கைக்குழந்தைகளை மிக மோசமாக வாட்டுவது இதுதான். தமிழ்நாட்டில் 2017 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்திலேயே இதற்கான சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அந்தச் சொட்டு மருந்து நோரோவைத் தடுக்காது. ஆகவே இரண்டு தவணை கொடுத்தாயிற்று என்று இந்த வாரத்தில் அசந்திருக்க முடியாது. நோரோவுக்குப் பயன்படாது என்று மூன்றாம் தவணையை விட்டுவிடவும் கூடாது.

சானிடைசரைப் பற்றிச் சொல்கிறேன். கொரோனாக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சானிடைசரில் உள்ள சாராயம் பட்டதும் அந்த உறை கரைந்து கிருமி செத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. சானிடைசர் தேய்த்த கையில் அது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். சோப்பும் அதைக் கொல்வதில்லை. ஆனால் தோலிலிருந்து பெயர்த்து எடுத்துவிடும், ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே இருபது விநாடி, விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் நுரை போகும்படி தேய்த்து, செம்பிலிருந்து ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவுவதுதான் முறை. வாளித் தண்ணீரில் கையை முக்கி எடுத்தால், முதலில் முக்கியவரின் கிருமியை அடுத்தவர் கையில் ஏற்றிக்கொள்வார்; பத்து இருபது கிருமி உள்ளே போனாலே நோய் வரப் போதுமானது.

வாந்தியைத் துடைக்கும்போதுதான் வீட்டில் பாதிப் பேருக்குத் தொற்றுகிறது. வாந்தி விழுந்த மறுகணமே ஒருவர் வாரியலை எடுத்து வந்து பெருக்கித் தள்ளுவார். அந்தத் துளிகள் சுவரிலும் பாயின் ஓரத்திலும் தெறிக்கும், அந்த வாரியலே மறுநாள் அடுக்களையைப் பெருக்கும். அப்படிச் செய்யாமல், பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வாந்தியின்மேல் பழைய செய்தித்தாளையோ அடுப்புச் சாம்பலையோ போட்டு மூடி, அது ஈரத்தை உறிஞ்சியபின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்துக் குழியில் போட்டு மூடுங்கள். பிறகு நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை அந்த இடத்திலும் சுற்றிலும் நான்கைந்து அடி தூரத்துக்கும் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். டப்பா திறந்து நாளானால் பவுடரின் வீரியம் போய்விடும்; மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பவுடர் சுண்ணாம்பு மாதிரிதான். கழிப்பறைக் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, கைப்பேசி இவற்றையும் துடைக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் புகை நெஞ்சை அடைத்துவிடும். அடைத்த கழிப்பறைக்குள் நின்று அப்படிச் செய்து மயங்கி விழுந்தவரை நானே தூக்கியிருக்கிறேன்.

மூத்திரத் துணி, வாந்தி பட்ட துணி இவற்றை உதறாமல் சுருட்டி எடுத்துத் தனியாகச் சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வாய்க்காலில் கொண்டுபோய் அலசாதீர்கள். கீழ்மடையில் குளிப்பவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கும். கழிச்சல் நிற்காத பிள்ளையை ஆற்றில் இறக்குவதும் அப்படித்தான்.

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். இந்த நோய் பால் வழியாகப் பரவுவதில்லை. உங்களுக்குக் கழிச்சல் இருந்தபோது கொடுத்ததும் சரிதான். குழந்தைக்கு இருக்கிற பெரிய காவல் அதுதான். புட்டிப்பாலுக்கு மாற்றினால் புட்டி, நிப்பிள், தண்ணீர் என்று மூன்று புதிய வாசல்களை நீங்களே திறந்துவிடுவீர்கள். தூக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இரவில் அணிந்த நைட்டியை மாற்றுங்கள், அதுபோதும்.

தேறிய பிறகு எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். முக்கூடல் மதினி தன் வீட்டில் கண்டது உண்மை. வாந்தியும் பேதியும் நின்று இரண்டு முழு நாள் ஆகும்வரை அந்த ஆள் சமைக்கவோ பரிமாறவோ கூடாது, பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பவும் கூடாது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, மலத்தில் கிருமி வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆள் நன்றாக இருப்பார், அவர் கை நன்றாக இருக்காது.

குழந்தைக்கு ஒருவேளை வந்துவிட்டால் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு கழிச்சலுக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி அளவுக்குக் கரைசலை, சங்கினாலோ கரண்டியாலோ, ஒரு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி தொடங்குங்கள். 2 மாதம் முதல் 6 மாதம்வரை உள்ள குழந்தைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 5 வயதுவரை உள்ள பிள்ளைக்கு 20 மில்லிகிராம், கழிச்சல் நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸுக்கு வேலை செய்யாது. பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவையே கட்டிவிடும்.

உச்சிக்குழி உள்வாங்கினாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரம் துணி நனையாவிட்டாலோ, பால் குடிக்க வாயெடுக்காமல் துவண்டு கிடந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விரியாமல் நின்றாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ மறுநாள்வரை காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விட்டுவிட்டு வீறிட்டு அழுது, இரத்தமும் சளியுமாக மலம் போனால் அது வேறு; குடல் செருகிக்கொண்டதாக இருக்கலாம், அதற்குக் கரைசல் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

மேலச்செவல் பெரியவர்:

உன் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே அம்மா. தொக்கம் எடுத்துப் பிழைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்தில் பொட்டலமும் இல்லை, பிளீச்சிங் பவுடரும் இல்லை. வடிகஞ்சியில் உப்பைப் போட்டுக் கொடுத்தே கழிச்சலை நிறுத்தினார்கள். வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடித்து வளர்ந்த உடம்பு இது, எழுபத்தாறு வயதில் இன்னும் வயலுக்கு நடக்கிறேன். இவ்வளவு பயமுறுத்தினால் இளந்தாய்மார்கள் குழந்தையைத் தொடவே அஞ்சுவார்கள்.

பால்வாடி டீச்சர்:

பெரியவர் சொல்வதற்கு விடை செவிலி அக்கா சொல்வார்கள். நான் என் இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இருபத்துமூன்று பிள்ளைகள் வரும் மையத்தில் பணிபுரிகிறேன். நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும், பீடி இலை வாங்கக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று, முந்தின நாள் இரவு வாந்தி எடுத்த பிள்ளையைக் காலையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கூலி போனால் அடுப்பு எரியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு பிள்ளையால் மறுவாரம் ஆறு வீட்டில் கூலி போகிறது. மறைக்காமல் சொல்லிவிட்டால், சத்துமாவை வீட்டுக்கே கொடுத்தனுப்பியாவது இரண்டு நாள் ஓய்வு கொடுக்கலாம்.

எங்கள் மையத்திலும் முன்பு சாப்பாட்டுக்கு முன் ஒரு வாளியில்தான் எல்லாரும் கை முக்குவார்கள். அதை எடுத்துவிட்டேன். இப்போது ஆயா செம்பில் ஊற்றுகிறார். வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டு ஜன்னல் கம்பியில் பிள்ளைகளின் உயரத்துக்குத் தொங்கவிட்டிருக்கிறேன். வலையோடு சேர்த்துத் தேய்ப்பது அவர்களுக்கு விளையாட்டாக இருப்பதால் நானே போதும் என்று சொல்லும்வரை விடுவதில்லை. மாதத்துக்கு இரண்டு சோப்புக் கூடுதலாகச் செலவாகிறது. அதற்குக் கணக்கு எழுத வழியில்லை என்பது வேறு விஷயம்.

பொருநைச் செவிலி:

அண்ணாச்சி, உங்கள் வடிகஞ்சிக்கு நான் எதிரி அல்ல. அரிசிக் கஞ்சியில் அளவாக உப்புப் போட்டுக் கொடுப்பது ஆறு மாதம் கடந்த பிள்ளைகளுக்கு நல்ல ஆகாரம். மூத்தவனுக்கும் கொழுந்தனார் மகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். நம் ஆச்சிமார் கைப்பக்குவமாகச் செய்தது போன்ற ஒன்றைத்தான் பின்னால் அளவு வைத்துப் பொட்டலமாக்கினார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை ஊரான போன்கானில் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நேரத்தில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் நீரில் அளவாகக் கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் இன்றும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கொடுக்கலாம். கடையில் அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்பவற்றை மட்டும் இதற்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் சர்க்கரை மிகுதி, கழிச்சலைக் கூட்டும். உரிய அளவில் இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) என்ற பெயரைத் தாங்கி வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் கடைக்காரர் கையில் எது அகப்படுகிறதோ அதைத்தான் எடுத்து நீட்டுவார், பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

தொக்கத்தில் மட்டும் நான் ஒத்துப்போக முடியாது. வாயிலிருந்து ஊதி எடுப்பதாகச் சொல்பவர் ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளின் வாயருகே தன் கையையும் வாயையும் கொண்டுபோகிறார். நோய் வராத பிள்ளைக்கும் அங்கே வந்துவிடும். இந்த வைரஸ் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கக்கூடியது என்பதால், இரண்டாம் நாள் தொக்கம் எடுத்து மூன்றாம் நாள் தேறினால் பெயர் தொக்கத்துக்குப் போய்விடுகிறது. வாய்க்கால் தண்ணீர் குடித்து வளர்ந்ததாகச் சொன்னீர்கள், அண்ணாச்சி. நானும் அப்படி வளர்ந்தவள்தான். எங்கள் அம்மா பெற்றது எட்டு, மிஞ்சியது ஐந்து. போன மூன்றில் இரண்டு பேதியில் போயின. அவை இருந்திருந்தால் இன்று நமக்கு என்ன சொல்லியிருக்கும் என்று தெரியாது.

கன்னடியன்கால் வீடு:

அனைவருக்கும் நன்றி. செவிலி அக்காவின் முதல் பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தொக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாலையில் தானாகவே வந்து, அடுக்களைத் துண்டை எடுத்துவிட்டு ஆளுக்கொரு பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஆணியில் மாட்டினார்கள்.

எனக்கு இரண்டு ஐயம் மிச்சமிருக்கிறது. மாமியார் திண்ணையில் பீடி சுற்றுவார்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பாயில் குழந்தையைக் கிடத்தி, அழுதால் அதே கையால் வாயில் விரலை வைத்துச் சமாதானப்படுத்துவது அவர்கள் வழக்கம். நான் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறேன். அடுத்தது, கொடையை என்ன செய்வது? வர வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாது.

முக்கூடல் மதினி:

எங்கள் அத்தையும் பீடி சுற்றுபவர்தான். நான் ஒன்றும் விளக்கம் சொல்லப் போகவில்லை. தொட்டிலைத் திண்ணையிலிருந்து உள்வீட்டுக்கு மாற்றிக் கட்டிவிட்டு, புகையிலைத் தூள் பட்டால் பிள்ளைக்கு மூச்சு இரைக்கும் என்று டாக்டர் சொன்னதாக மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. குழந்தையை எடுக்க வேண்டுமானால் எழுந்து உள்ளே வர வேண்டும், உள்ளே வருகிற வழியில் குழாய் இருக்கிறது.

பொருநைச் செவிலி:

மதினி சொன்ன வழி நல்ல வழி. புகையிலைத் தூள் குழந்தைக்கு ஆகாது என்பதும் உண்மையே.

கொடைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழுந்தனார் மகளுக்கு நாளை வெள்ளிக்கிழமை கழிச்சல் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், கொடையன்று பதினோரு நாள்தான் ஆகியிருக்கும். இரண்டு வாரம் முடிந்திருக்காது. ஆகவே நீங்கள் நான்கு பேரும் பந்தி வேலையில் கறிகாய் நறுக்குவது, சோறு வடிப்பது, பரிமாறுவது எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலம், பூ, பாத்திரக் கணக்கு, வந்தவர்களை வரவேற்பது என்று வேறு வேலை எவ்வளவோ இருக்கிறது. குடிதண்ணீர்ப் பானைக்குள் யாரும் டம்ளரை முக்காதபடி குழாய் வைத்த பானையோ, நீண்ட காம்பு வைத்த மொள்ளியோ வையுங்கள். கழிப்பறை வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்து, பெரிய பிள்ளை ஒருவரை ஊற்றிவிட நிறுத்தினால், கையைக் கழுவாமல் தாண்டிப் போக யாருக்கும் கூச்சமாக இருக்கும். மும்பையிலிருந்து வருகிறவர்கள் வழியில் வாங்கி வரும் நோயும் இருக்கிறதல்லவா. அவர்களில் யாருக்காவது இரண்டு நாளுக்குள் வாந்தி பேதி இருந்தால், குழந்தையைத் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்று உங்கள் கணவரைவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் குற்றமாகிவிடும், மகன் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். முகத்தில் முத்தம் வேண்டாம், காலைத் தொட்டுக் கொஞ்சட்டும். குழந்தையை நாள் முழுதும் கை மாற்றாமல், உங்கள் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பசிக்கிறது, பால் கொடுக்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போவதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

கடைசியாக, விட்டுப்போன தவணை. அது ரோட்டாவோடு மட்டும் நிற்காது. 14ஆம் வாரத்தில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் மூன்றாம் தவணையும், போலியோச் சொட்டும் ஊசியும், நிமோனியாவுக்கான தடுப்பூசியும் சேர்ந்தே உண்டு, எல்லாமே விட்டுப்போயிருக்கும். முதலிலிருந்து மறுபடி தொடங்கத் தேவையில்லை, நின்ற இடத்திலிருந்து தொடரலாம். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் இருந்தது என்பது தடை அல்ல. அன்றைக்குக் குழந்தைக்குக் கடுமையான கழிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடுவார்கள். கொடைக்கு ஆறு நாள் முன்பே, தடுப்பூசி போடும் நாளான புதன்கிழமை வருகிறது. காலையிலேயே அட்டையை எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ஊசி போட்ட இரவு சற்றுக் காய்ச்சல் அடித்தால் அதைத் தொற்று என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.